நடையா, ஓட்டமா, சைக்கிளா: கடற்கரையில் ஜோடியாகப் போக எது சரி?

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடங்கி வடகிழக்கு வாடைக்காற்று கிளம்புவதற்கு முன்னால் நம் ராமநாதபுரம் கரையில் சில வாரங்கள் கிடைக்கும். புரட்டாசிக் கடைசி, ஐப்பசித் தொடக்கம். வெயிலின் கடுமை குறைந்திருக்கும், புழுதி அடங்கியிருக்கும், விடிகாலையில் வாசலில் நிற்கவே சுகமாக இருக்கும். "நாமும் ஏதாவது ஆரம்பிக்கலாமே" என்று கணவன் மனைவி பேசிக்கொள்வது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். ஒருவருக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்திருக்கும். இன்னொருவரை எடை குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருப்பார். இல்லாவிட்டால் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி நமக்கென்று ஒரு நேரம் வேண்டும் என்று தோன்றியிருக்கும். அப்புறம் பேச்சு வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: நடப்பதா, ஓடுவதா, சைக்கிள் வாங்குவதா?

உடம்புக்கு மூன்றும் நல்லது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சியோ, 75 நிமிடமாவது கடினமான உடற்பயிற்சியோ செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகநடையும் நிதானமான சைக்கிளும் முதல் கணக்கில் வரும், ஓட்டம் இரண்டாவதில் வரும். தனியாளாக இருந்தால் பிடித்ததைச் செய்துவிட்டுப் போகலாம். இரண்டு பேர் என்னும்போது வேறு மூன்று கேள்விகள் வருகின்றன. போகும்போது பேசிக்கொள்ள முடிகிறதா? மெதுவாகப் போகிறவருக்கு அது தண்டனையாகிவிடுகிறதா? மழையும் காற்றும் வந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்குமா? நானும் என் வீட்டுக்காரரும் மூன்றையும் செய்கிறோம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடத்துக்கு நடை. ஞாயிற்றுக்கிழமைக்குச் சைக்கிள். ஓட்டம், இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஆசை இருந்தால் மட்டும்.

முதலில் காற்றைப் பாருங்கள்

மலை ஊர்களில் இலை நிறம் மாறும் காலத்தைப் பார்த்து நடைக்குக் கிளம்புகிறார்கள். நமக்கு மலையும் இல்லை, சிவக்கும் இலையும் இல்லை. பனையும் சவுக்கும் உடைமரமும் வருஷம் முழுக்க ஒரே மாதிரிதான் நிற்கின்றன. நமக்குப் பருவத்தைச் சொல்வது காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். ஐப்பசி பாதியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது வாடை ஏறும். கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் எந்தக் காற்றுக்கு எந்தக் கடல் கலங்கும் என்று சொல்லிவிடுவார்கள். வாடையில் பாக் நீரிணைப் பக்கம், அதாவது வடகடல், கலங்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கும். கச்சானில் இது தலைகீழ். ராமேசுவரம் தீவில் அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும் அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடை மாதங்களில் மட்டும் அந்தப் பெண்கடல் பொங்குவதைப் பார்க்கலாம்.

எங்கே போவது என்பதை இதுவே முடிவு செய்துவிடும். ஐப்பசி வரைக்கும் அரியமான் போல வடகடல் ஓரக் கரை நடக்க அருமையாக இருக்கும். வாடை ஏறிய பிறகு அதே இடத்தில் முகத்தில் மணல் அடிக்கும், கரையெல்லாம் கடற்புல் ஒதுங்கி அழுகிக் கிடக்கும். அப்போது சேதுக்கரை போல தென்கடல் ஓரத்துக்கு மாறிவிட வேண்டும்.

இன்னொன்று, நேரம். விடிவதற்கு முன்பு கரையிலிருந்து கடலைப் பார்த்து மெல்லிய காற்று வீசும். வெயில் ஏறித் தரை சூடானதும் கடலிலிருந்து காற்று திரும்பும், திரும்பினால் வேகமும் கூடும். பெரும்பாலான நாட்களில் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட்டால் பாதித் தொல்லை இல்லை. வாடை முழுவேகத்தில் இருக்கும் நாட்களில் இந்தக் கணக்கும் எடுபடாது. காற்று விடிய விடிய அடிக்கும்.

நடை

நடையை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் பேச்சு. வேகநடைக்கு டாக்டர்கள் சொல்லும் அளவே பேச்சை வைத்துத்தான்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அப்படியானால் சரியான வேகத்தில் நடக்கிற இரண்டு பேர், பேசிக்கொண்டே நடக்கிற இரண்டு பேர்தான். வீட்டில் டிவி சத்தத்துக்கும் போன் மணிக்கும் நடுவில் பேச முடியாதது இங்கே பேச வரும். மகளின் காலேஜ் ஃபீஸ், மாமியாரின் மருந்து, தம்பிக்குக் கொடுத்த கடன் என்று எதுவானாலும், முகத்துக்கு முகம் பார்க்காமல் தோளுக்குத் தோள் நடக்கும்போது கோபமில்லாமல் பேசி முடிக்க முடிகிறது. கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் ஒரு பயிற்சியில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேக வித்தியாசமும் இங்கே பெரிதாகத் தெரியாது. ஒருவர் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் நடப்பவர், மற்றவர் நாலரை என்றால் அரை மணி நேரத்தில் வருவது அரை கிலோமீட்டர் இடைவெளிதான். வேகமானவர் சற்றுக் குறைத்துக்கொண்டாலும் அவருக்கு நடையின் பலன் போய்விடாது. அப்படியும் போதவில்லை என்றால் அவரை உதிரி மணலில் நடக்கச் சொல்லுங்கள், மெதுவானவர் ஈர மணலில் நடக்கட்டும். இது நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கெட்டித் தரையைவிட உலர்ந்த உதிரி மணலில் நடக்க உடம்பு இரண்டு மடங்குக்கும் அதிகமாகச் சக்தி செலவழிக்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். கால் புதைகிறது, ஊன்றி எழுப்பும் விசையில் ஒரு பகுதி மணலை நகர்த்துவதிலேயே போய்விடுகிறது. ஆக, பக்கத்துப் பக்கத்தில் ஒரே வேகத்தில் நடந்தாலும் இரண்டு பேருக்கும் வேறு வேறு அளவு உழைப்பு. கடற்கரை தருகிற இந்த வசதி தார் ரோட்டில் கிடைக்காது.

ஆனால் ஈர மணல் பட்டை நம் கரையில் அகலம் குறைவு. இங்கே கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் கீழ்தான். தண்ணீர் வடிந்து பரந்த கெட்டி மணல் கிடைக்கும் கரைகளைப் பற்றிப் படித்துவிட்டு இங்கே அதை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு பேர் தாராளமாக நடக்கலாம், மூன்றாவது ஆளுக்கு இடமிருக்காது. அந்தப் பட்டையும் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். போகும்போது இடது கால் தாழ்ந்திருந்தால் வரும்போது வலது கால் தாழும், ஆகவே போன வழியே திரும்புவது நல்லது. ஒரே திசையில் நடந்து போய் ஆட்டோவில் திரும்பினால் ஒரு பக்க முழங்கால்தான் அடி வாங்கும்.

அரியமானில் சவுக்குத் தோப்பு நிழல் உண்டு, கடல் ஆழமில்லாமல் ஏரி மாதிரி கிடக்கும். புதிதாகத் தொடங்குகிற ஜோடிக்கு நான் முதலில் சொல்வது அந்த இடத்தைத்தான். சேதுக்கரைக்குக் கோயிலோடு சேர்த்துப் போகலாம். திருப்புல்லாணியில் ஆதிஜெகநாதப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து சுமார் நாலு கிலோமீட்டர் நடந்தால் கடல் வந்துவிடும். வயசான பெற்றோரை வண்டியில் வரச்சொல்லிவிட்டு நாம் மட்டும் நடந்து போய்ச் சேரலாம். அமாவாசையன்று மட்டும் வேண்டாம். தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களின் கூட்டத்தில் நடை நடக்காது.

நீண்ட நடைக்கு என் மனசுக்குப் பிடித்தது தனுஷ்கோடிதான். 1964 டிசம்பர் 22 இரவில் புயலும் கடலும் சேர்ந்து அழித்த ஊர். உடைந்த தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம் எல்லாம் இன்னும் மணலில் நிற்கின்றன. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை 2017இல் திறக்கப்பட்டது. போய்த் திரும்பினால் 19 கிலோமீட்டர். பழகாத ஜோடிக்கு முழுத் தூரமும் வேண்டாம், பழைய ஊர் வரை போய்த் திரும்பினாலே ஏறக்குறைய பத்து வரும். நிழல் என்பது சுத்தமாகக் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் கிளம்பக் கூடாது. பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும், போலீஸ் அதற்கு மேல் இருக்க விடுவதில்லை. கடலில் இறங்கவும் வேண்டாம். இரண்டு கடலும் முட்டுகிற இடத்தில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

அந்த மணலில் காலையில் கரைவலை இழுப்பார்கள். இடுப்பில் குறுக்குக் கயிறு கட்டி, அதை வலைக்கயிற்றில் மாட்டி, கடலைப் பார்த்தபடி பின்னாலேயே அடி வைத்து வருவார்கள். கடைசியில் வந்து சேர்ந்தவர் கயிற்றைக் கழற்றிக்கொண்டு முன்னால் ஓடி மறுபடி மாட்டுவார். கயிறு முழங்கால் உயரத்துக்கு விறைத்து நிற்கும், தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். இழுபடும் கயிறு திடீரென்று எகிறினால் காலை வாரிவிடும். வலை கரை ஏறும்வரை நின்று பார்ப்பதில் நடை கெட்டாலும் பரவாயில்லை. அப்படி நின்று பார்த்த நாட்களில்தான் நாங்கள் இரண்டு பேரும் அதிகம் சிரித்திருக்கிறோம்.

வெறுங்காலில் நடப்பது பற்றி ஒரு வார்த்தை. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கரையில் உடைந்த சிப்பி, அறுந்த தூண்டில் முள், வலைத் துண்டு எல்லாம் கிடக்கும். வாடைக் காலத்தில் சொறி, அதாவது ஜெல்லிமீன், ஒதுங்கும். செத்துக் கிடந்தாலும் அதன் மேல் கால் பட்டால் அரிப்பு விடாது. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. காலில் பட்ட காயம் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

சைக்கிள்

சைக்கிளுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. பலசாலிக்கும் மெலிந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை அது சமன் செய்துவிடும். எதிர்காற்றில் வேகமானவர் முன்னால் போனால், அவருக்குப் பின்னாலேயே ஒட்டிப் போகிறவருக்குக் காற்றின் தடை கணிசமாகக் குறைகிறது. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போவார்கள், ஆனால் முன்னவர் அதிகம் உழைப்பார். நடையிலும் ஓட்டத்திலும் இந்த அளவுக்கு ஒருவர் இன்னொருவரைத் தாங்க முடியாது. என் வீட்டுக்காரர் முன்னால், நான் பின்னால் என்றுதான் நாங்கள் எதிர்காற்றில் போகிறோம். காற்று முதுகுக்கு மாறியதும் நான் முன்னால் போய்விடுவேன்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சைக்கிள்தான் தோது. உடம்பின் பாரத்தைச் சீட் தாங்கிக்கொள்கிறது. சீட்டின் உயரத்தை மட்டும் சரியாக வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். நம் பக்கம் பெண்கள் பலர், சட்டென்று கால் ஊன்ற வேண்டுமே என்ற பயத்தில் சீட்டை மிகவும் இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். முழங்கால் வலிக்கு அதுவே காரணமாகிவிடும்.

இங்கே சைக்கிள் வழியைத் தேர்ந்தெடுப்பது முழுக்க முழுக்கக் காற்றுக் கணக்கு. விதி எளிது: போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகுக்காற்று. சக்தி இருக்கும்போது கஷ்டத்தை முடித்துவிட வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். வாடைக் காலத்தில் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது காற்றே வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும். சேதுக்கரையோ தெற்கே, ஏறக்குறைய அதே தூரம். கச்சான் அடிக்கும் மாதங்களில் அங்கே போங்கள். மாற்றிப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? போகும்போது பறந்துகொண்டு போய்விட்டு, களைத்துப்போன நேரத்தில் வெயிலும் எதிர்காற்றும் சேர்ந்து கிடைக்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. எதிர்காற்று கொஞ்சம் கூடினாலே கால் அதை உணர்ந்துவிடும். அந்த நேரத்தில் "நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க" என்று தொடங்கும் பேச்சு எந்த வீட்டுக்கும் நல்லதல்ல.

பலவீனம் என்று பார்த்தால், முதலில் ரோடு. தேவிபட்டினம் போவது கிழக்குக் கடற்கரைச் சாலை. பஸ்ஸும் மீன் வண்டியும் சுற்றுலா வேனும் விரைந்து வருகிற ரோடு. அதில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் போகக் கூடாது, ஒருவர் பின் ஒருவர்தான். அப்படியானால் பேச்சு கிடையாது. ஆகவே சைக்கிளில் கிடைக்கும் பேச்சு வழியில் கிடைக்காது, போய் இறங்கிய டீக்கடையில்தான் கிடைக்கும். கீழக்கரைப் பக்கம் போனால் தொதல் என்ற இனிப்பை வாங்கிக்கொண்டு திரும்பலாம், அது வேறு சந்தோஷம்.

பாம்பன் பாலத்தைப் பலரும் கேட்பார்கள். 1988இல் திறந்த சாலைப் பாலம், சுமார் 2.3 கிலோமீட்டர் நீளம். கீழே கடல், பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம், அதன் தூக்குப் பகுதி. விடிகாலையில் அதில் சைக்கிளில் ஏறி இறங்குவது வாழ்நாளில் ஒரு தடவையாவது செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் பக்கவாட்டுக் காற்று கடுமையாக இருக்கும், நடுவில் படம் எடுக்க வண்டிகள் சட்டென்று நின்றுவிடும். வாடை வேகமாக இருக்கும் நாளில் நான் அங்கே போகமாட்டேன். தனுஷ்கோடி சாலையிலும் வாடை பக்கவாட்டில்தான் அடிக்கும், மணலை அள்ளிக் கொண்டுவந்து ரோட்டில் கொட்டியும் வைக்கும். தார் மேல் படர்ந்த மணலில் பிரேக் பிடித்தால் வழுக்கும். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

அடுத்தது முள். மாவட்டம் முழுக்கச் சீமைக்கருவேல். ரோட்டு ஓரத்துக்கு இறங்கினால் பஞ்சர் நிச்சயம். வண்டிக்கு வழிவிட ஓரம் ஒதுங்கும்போதுதான் பெரும்பாலும் ஏறும். ஆளுக்கு ஒரு டியூப், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கைப்பம்ப், டயர் கழற்றும் லீவர் இவ்வளவும் பையில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வழியில் பஞ்சர் கடை திறந்திருக்காது. சக்கரம் கழற்றி டியூப் மாற்ற வீட்டு வாசலில் வைத்து இரண்டு பேருமே பழகிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

உப்புக்காற்று மூன்றாவது. கடலோரம் போய்வந்த சைக்கிளை அப்படியே நிறுத்தினால் சில நாட்களில் செயின் சிவந்துவிடும். வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலம்பி, பழைய துணியால் செயினை இறுகப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னால் சுற்ற வேண்டும். துணியில் கறுப்பு மை மாதிரி வரும், அதற்குள் பொடி மணல் நறநறவென்று கைக்குத் தட்டுப்படும். அது போகும்வரை துடைத்துவிட்டுக் கண்ணிக்குக் கண்ணி ஒரு சொட்டு எண்ணெய். இந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாத வீட்டில் விலை உயர்ந்த கியர் சைக்கிள் வாங்காதீர்கள். கியர் இல்லாத சாதாரண சைக்கிள் போதும். நம் ஊர் சமதரை, ஏற்றம் என்று இருப்பது பாலங்கள்தான்.

பெண்களுக்கு: துப்பட்டாவை இடுப்பில் குறுக்காகக் கட்டிப் பின் குத்திக்கொள்ளுங்கள். செயின் மூடி இல்லாத சைக்கிள் என்றால் பேன்ட் காலையும் ஒரு ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள்.

ஓட்டம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜோடியாகச் செய்வதற்கு மூன்றிலும் கடினமானது ஓட்டம். ஒருவர் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம், மற்றவர் எட்டு நிமிடம் என்று வையுங்கள். ஐந்து கிலோமீட்டர் ஓடினால் முதலாமவர் முடிக்கும்போது மற்றவர் இன்னும் ஒன்றேகால் கிலோமீட்டர் பின்னால் இருப்பார். வேகமானவர் குறைத்துக்கொண்டால் அவருக்கு ஓடிய திருப்தி இல்லை. மெதுவானவர் கூட்டிக்கொண்டால் மூச்சு வாங்கி, கெண்டைக்கால் பிடித்து, ஒரு வாரம் கழித்து "எனக்கு வேண்டாம்" என்று நின்றுவிடுவார். பேச்சும் கிடையாது.

அதற்கு இரண்டு வழிகள் எங்களுக்குப் பலன் தந்திருக்கின்றன. ஒன்று, நேரம் பார்த்துத் திரும்புவது. இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பி, அவரவர் வேகத்தில் ஓடி, பதினைந்து நிமிடம் ஆனதும் அவரவர் நிற்கும் இடத்திலேயே திரும்பிவிட வேண்டும். போன வேகத்திலேயே திரும்பினால் கிளம்பிய இடத்துக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். மெதுவாக ஓடுகிறவர் திரும்பும்போது முன்னால் இருப்பார், வேகமானவர் பின்னாலிருந்து நெருங்குவார். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, மைதானம். ராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி விளையாட்டு மைதானம் இருக்கிறது. சுற்றிச் சுற்றி ஓடும்போது எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் கணவனும் மனைவியும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் போக மாட்டார்கள். நாய்த் தொல்லை குறைவு, மற்றவர்களும் ஓடுவதால் பெண்களுக்குக் கூச்சமும் குறைவு. விடிகாலைத் தெருவில் ஒரு பெண் ஓடினால் இன்னும் நின்று பார்க்கத்தான் செய்கிறார்கள். கூட ஆள் இருந்தால் அந்தப் பார்வை பாதியாகிவிடுகிறது. ஜோடியாக ஓடுவதில் எனக்குத் தெரிந்த பெரிய நன்மை அதுதான், அதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

கடற்கரையில் ஓட ஆசைப்பட்டால் ஈர மணலில், ஷூவோடு, குறைந்த தூரம். உதிரி மணலில் ஓடுவது குதிகால் தசைநாரை இழுத்துவிடும். முன்பு ஓடியே பழக்கமில்லாதவர்கள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கட்டும். நெஞ்சு வலியோ மாடி ஏறினால் மூச்சுத் திணறலோ இருக்கிறவர்கள் டாக்டரைப் பார்க்காமல் ஓடவே கூடாது.

மழை வந்தால்

நமக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். வந்தால் அப்படியே கொட்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஆக எந்தப் பழக்கத்தைத் தொடங்கினாலும் கார்த்திகையில் அது அறுந்துபோகும் அபாயம் உண்டு. இந்தச் சோதனையில் நடை மட்டும்தான் தப்பிக்கிறது. மழை விட்ட அரை மணி நேரத்தில் குடையோடு கிளம்பிவிடலாம். சைக்கிளுக்கு ரோடு காய வேண்டும், ஓட்டத்துக்கு மைதானத்தில் தண்ணீர் வடிய வேண்டும்.

அந்த மாதங்களில் கடலை விட்டு ஊர்ப்பக்கம் திரும்பிக்கொள்வதும் நல்லது. சக்கரக்கோட்டைக் கண்மாயில் தண்ணீர் ஏறியதும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் வந்து இறங்கத் தொடங்கும். பறவைகள் சரணாலயமான அந்தக் கண்மாய் 2025இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கரையோரமாகச் சத்தமில்லாமல் நடந்துவிட்டு வரலாம். மழை ஓய்ந்த பின் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகளைப் பார்க்கலாம். 2025இல் அந்தப் பகுதியையும் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது.

இடிக்கு மட்டும் பயப்படத்தான் வேண்டும். வெட்டவெளிக் கடற்கரையில் உயரமாக நிற்பது நாம் இரண்டு பேரும்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரை வெளியே வரக் கூடாது. பனைக்கு அடியில் ஒதுங்கக் கூடாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால், எத்தனாம் நம்பர் என்று ஆராயாமல் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள்.

யாருக்கு எது

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து காலையில் வெளியேறுவதே பெரிய ஏற்பாடு. அங்கே வீட்டைச் சுற்றிய அரை மணி நேர நடைக்கு மேல் திட்டம் போட வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் நடந்தாலும் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். பிள்ளைகள் பள்ளிக்குத் தாமே கிளம்பும் வயசு வந்த பிறகு சைக்கிளை யோசியுங்கள். ஒருவர் ஏற்கெனவே ஓட்டக்காரர், மற்றவருக்கு ஆசையே இல்லை என்றால் இழுக்காதீர்கள். மைதானத்தில் ஒருவர் ஓடட்டும், ஒருவர் சுற்றி நடக்கட்டும். முழங்கால் தேய்ந்தவருக்குச் சைக்கிள். ரிட்டயரான ஜோடிக்கு அரியமான் நடை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் காலை டிபனை யார் பார்ப்பது என்பதையும் அதோடு சேர்த்துப் பேசி முடித்துவிடுங்கள். நம் வீடுகளில் இது நின்றுபோவதற்கு மழையைவிட, காற்றைவிட, பெரிய காரணம் அடுப்படிதான். ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டுமானால் மனைவி நாலரைக்கு எழுந்து சட்னி அரைக்க வேண்டும் என்று இருந்தால் அந்தப் பழக்கம் நாலு வாரம் தாண்டாது. எங்கள் வீட்டில் போகிற நாட்களில் முந்தின ராத்திரியே மாவும் பொடியும் எடுத்து வைத்துவிடுவோம், திரும்பி வந்ததும் அவர் இட்லி ஊற்றுவார், நான் குளித்துவிட்டு வந்து மற்றதைப் பார்ப்பேன். சைக்கிள் வாங்கப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால் இதைப் பேசுங்கள். ஒரு மாதம் நடையை விடாமல் செய்த பிறகும் சைக்கிள் ஆசை இருந்தால், வாங்க வேண்டிய நேரம் தை மாதம். மழை முடிந்து ரோடு காய்ந்திருக்கும், முதுகுக்காற்றோடு தேவிபட்டினத்திலிருந்து திரும்ப இன்னும் சில வாரங்கள் வாடையும் மிச்சமிருக்கும்.